வீட்டுக்கென்று ஒரு கேமரா

குடும்பத்துக்கு முதல் கேமரா வாங்கப் போகிறவர்கள், கடைக்குப் போவதற்கு முன் தங்கள் வீட்டின் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். மெகாபிக்சல், ஜூம், நிறம், தள்ளுபடி எல்லாம் அதற்குப் பிறகுதான். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் எங்கள் ஊர் வீடு.

நான் காரைக்குடியில் இருக்கிறேன். அப்பச்சியும் ஆத்தாவும், அதாவது அப்பாவும் அம்மாவும், கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஊர் வீட்டிலேயே இருக்கிறார்கள். விசேஷம் என்றால் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்வார்கள். எல்லோர் கையிலும் கைபேசி. எல்லோரும் படம் எடுப்பார்கள். விசேஷம் முடிந்து எல்லோரும் கிளம்பியதும், அந்தப் படங்களும் ஆளுக்கொரு திசையாகப் போய்விடும். அண்ணன் எடுத்தவை அவரோடு சிங்கப்பூர் போகும். வாட்ஸ்அப்பில் வருபவை அளவு சுருங்கி வரும். திரையில் பார்க்கலாம், பெரிதாக அச்சிட முடியாது. யாராவது கைபேசியை மாற்றினால் அந்த ஆண்டே காணாமல் போகும்.

கல்யாணத்துக்கு இறக்கும் பெரிய அண்டா எந்தப் பங்காளிக்கும் தனிச்சொத்து இல்லை. வீட்டில் இருக்கும், தேவைப்படுகிறவர்கள் எடுப்பார்கள், கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். கேமராவும் அப்படி வீட்டுக்கே சொந்தமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். யார் எடுத்தாலும் படம் ஒரே நினைவக அட்டையில் விழும். அண்ணனிடம் இதைச் சொன்னதும், பாதிப் பணம் தான் தருவதாகச் சொல்லிவிட்டார்.

இனி வெளிச்சத்துக்கு வருகிறேன். செட்டிநாட்டு வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டின் நடுக்கட்டான வளவின் நடுவே வானம் திறந்திருக்கும். அங்கே நண்பகல் வெயில் கண்ணைக் கூசும். அதைச் சுற்றி ஓடும் தாழ்வாரமான பத்தியில் நிழல். பத்தியிலிருந்து திறக்கும் உள்வீட்டு அறைகளில் பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். வெப்பம் உள்ளே வராமல் இருக்கத்தான் சுவரைத் தடியாகக் கட்டி, ஜன்னலைச் சிறிதாக வைத்தார்கள். குளுமைக்குக் கொடுத்த விலை இருட்டு. வெயில் விழும் இடத்துக்கும் உள்வீட்டு வாசலுக்கும் வெளிச்ச அளவு நூற்றுக்கணக்கான மடங்கு மாறும். நம் கண் அதைச் சமாளித்துவிடுகிறது. கேமரா திணறுகிறது. முற்றத்தை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்கும் குழந்தையின் முகம் கரிக்கட்டையாக விழும். முகத்தைச் சரியாக்கினால் முற்றம் வெள்ளைத்தாளாகிவிடும்.

ஃபிளாஷ் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் ஃபிளாஷுக்கு எதிரிகள் நிறைய. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பூச்சு, கை வைத்தால் வழுக்கும் அளவுக்குப் பளபளக்கிறது. ஃபிளாஷ் அடித்தால் சுவரின் நடுவே வெள்ளைப் பொட்டு ஒன்று விழும். பெல்ஜியம் கண்ணாடி அதைவிடக் கூடுதலாகத் திருப்பி அடிக்கும். எண்ணெய் பூசித் துடைத்த பர்மாத் தேக்குத் தூணிலும், ஆத்தங்குடிக் கல் தரையிலும் அதே கதை. மேலும், சிறிய கேமராவின் ஃபிளாஷ் மூன்று நான்கு மீட்டருக்கு மேல் வலுவாகப் போகாது. பட்டாலை என்னும் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனையில் உட்கார்ந்திருப்பவர்களை எடுத்தால், முன்னால் இருப்பவர் சுண்ணாம்பு அடித்ததுபோல் தெரிவார், பின்னால் இருப்பவர்கள் தெரியவே மாட்டார்கள்.

ஆகவே எங்களுக்குத் தேவை, இருக்கிற வெளிச்சத்தையே நிறைய வாங்கிக்கொள்ளும் கேமரா. அதை இரண்டு எண்கள் சொல்லிவிடும். கேமராவின் விவரப் பட்டியலைப் பார்த்தால் இரண்டும் இருக்கும்.

முதலாவது சென்சாரின் அளவு. பழைய ஃபிலிமின் இடத்தில் இருப்பது அது. பெரும்பாலான சிறிய கேமராக்களில் 1/2.3 அங்குலம் என்று போட்டிருக்கும். உண்மையில் அது சுமார் 6.2 மில்லிமீட்டர் அகலம், 4.6 மில்லிமீட்டர் உயரம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 1 அங்குலம் என்று போட்டிருந்தால் அது 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். பரப்பைப் பெருக்கிப் பாருங்கள், நான்கு மடங்குக்கும் சற்று மேல் வரும். முற்றத்தில் மழைநீர் பிடிக்க எவ்வளவு அகலப் பாத்திரம் வைக்கிறோமோ அவ்வளவு நீர் என்ற அதே கணக்குத்தான்.

இரண்டாவது லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பது. எஃப் 1.8, எஃப் 3.3 என்று எழுதியிருப்பார்கள். எண் சிறிதாக இருந்தால் திறப்பு பெரிது. இந்த எண்களை நேராக ஒப்பிடக் கூடாது. வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்க வேண்டும். 3.3ஐ 1.8ஆல் வகுத்துப் பெருக்கினால் ஏறக்குறைய 3.4. அதாவது எஃப் 1.8 லென்ஸ், எஃப் 3.3 லென்ஸைவிட மூன்று மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது.

இந்த இரண்டையும் சேர்த்தால்தான் வேறுபாட்டின் முழு அளவு தெரியும். நாங்கள் போன கடையில் முதலில் கையில் கொடுத்தது 40 மடங்கு ஜூம் உள்ள கேனான் எஸ்எக்ஸ்740. தேருக்கும் கோபுரத்துச் சுதைக்கும் பள்ளி விளையாட்டு விழாவுக்கும் அருமையான கருவி. பிள்ளையார்பட்டி கோபுரத்தின் உச்சிச் சிற்பத்தைத் தெருவில் நின்றே எடுக்கலாம். ஆனால் அதன் சென்சார் 1/2.3 அங்குலம், லென்ஸ் எஃப் 3.3இல் தொடங்கி, ஜூமை முழுக்க இழுத்தால் எஃப் 6.9க்குப் போய்விடும். எஃப் 1.8 லென்ஸும் 1 அங்குல சென்சாரும் உள்ள கேமராவோடு ஒப்பிட்டால், ஜூம் இழுக்காத நிலையிலேயே படத்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எங்கள் படங்களில் பெரும்பகுதி வீட்டுக்குள் எடுப்பவை. எனக்கு அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது. கடைக்காரர் ஜூம் எண்ணையே திரும்பத் திரும்பச் சொன்னார். வாங்குகிறவரிடம், எங்கே எடுப்பீர்கள் என்ற கேள்வியைக் கடைகளில் கேட்க வேண்டும்.

வெளிச்சம் போதாதபோது கேமரா என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைக்கும், அல்லது ஒளி உணர்திறனைக் குறிக்கும் எண்ணான ஐ.எஸ்.ஓ.வை ஏற்றும். ஷட்டர் நீண்டால் ஓடும் பிள்ளை புகைபோல் கலைந்துவிடும். கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி இப்போது பலவற்றில் இருக்கிறது. அது நம் கையை மட்டும்தான் கட்டுப்படுத்தும், பிள்ளையின் காலை அல்ல. வளவில் ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகளை எடுக்க விநாடியில் 125இல் ஒரு பங்காவது வேண்டும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும். சிறிய சென்சாரில் அது சீக்கிரமே வந்துவிடுகிறது.

மெகாபிக்சலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை நன்றாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1200க்கு 1800, அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒன்பது மெகாபிக்சல் கூட வேண்டாம். இன்று விற்கும் கேமராக்கள் பெரும்பாலும் இதைத் தாண்டியவை. 1975இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த டிஜிட்டல் கேமரா 0.01 மெகாபிக்சல்தான் என்றும், ஒரு படத்தைக் கேசட்டில் பதிய அதற்கு 23 விநாடி ஆனது என்றும் மகளிடம் சொன்னேன். அன்று முழுவதும் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது என்பது எங்களுக்கு இன்னொரு முக்கியமான கேள்வி. அறுபதாம் கல்யாணமான சாந்தி கல்யாணத்தில் பேரன் பேத்தி வரை ஒரே படத்தில் நிற்க வேண்டும். பத்தியில் பின்னால் போக இடம் இருக்காது. இரண்டடி பின்னால் வைத்தால் முற்றத்தில் இறங்கிவிடுவோம். லென்ஸின் மில்லிமீட்டர் எண் சிறிதாக இருந்தால் அகலம் கூடும்: 28 மில்லிமீட்டரில் தொடங்கும் லென்ஸோடு நான்கு மீட்டர் தூரத்தில் நின்றால், ஐந்து மீட்டருக்குச் சற்று மேல் அகலம் அடங்கும். 24இல் தொடங்கினால் ஆறு மீட்டர். ஓரத்தில் இரண்டு பேர் கூடுதலாக நிற்கலாம். ஆனால் அந்த ஓரத்தில் முகம் இழுபட்டுப் பருமனாகத் தெரியும். ஆகையால் வயதானவர்களை நடுவில் உட்காரவைத்து, ஓரத்தில் இளைஞர்களை நிறுத்துவது நல்லது. மரியாதைக்கும் அதுதான் சரி.

அடுத்தது கை. வீட்டுக் கேமரா என்றால் வீட்டில் உள்ள எல்லாக் கைகளுக்கும் அது பொருந்த வேண்டும். ஆத்தாவையும் கடைக்கு அழைத்துப்போனேன். அவருக்கு ஒரு கண்ணில் புரை அறுவை நடந்திருக்கிறது. விரல் மூட்டுகளில் வலி உண்டு. ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுத்துப் பார்த்தோம். சோனி ஆர்எக்ஸ்100 வரிசை மிக அழகானது. 2012இல் முதன்முதலாக 1 அங்குல சென்சாரைச் சட்டைப்பை அளவுக்குள் கொண்டுவந்த பெருமையும் அதற்கு உண்டு. ஆனால் முன்பக்கம் வழுவழுப்பாக இருப்பதால் ஆத்தாவுக்குப் பிடிப்புக் கிடைக்கவில்லை. கீழே விழுந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2இல் விரல் பதிய முன்பக்கம் ஒரு மேடு இருக்கிறது. அதைப் பிடித்ததும் ஆத்தா தோளைத் தளர்த்தினார். எங்கள் தேர்வு அங்கே முடிந்தது. 2016இல் வந்த மாடல். 1 அங்குல சென்சார், 20 மெகாபிக்சல், 24 முதல் 100 மில்லிமீட்டர் வரை ஜூம், லென்ஸ் எஃப் 1.8 முதல் 2.8 வரை. ஜூம் முழுக்க இழுத்தாலும் 2.8ஐத் தாண்டாது என்பது எங்கள் இருட்டு வீட்டுக்குப் பெரிய வரம். திரை மேல்நோக்கி முழுவதும் திரும்புவதால், படம் எடுப்பவரும் படத்தில் இருக்கலாம். எப்போதும் கேமராவுக்குப் பின்னாலேயே நிற்கிற ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவருக்கும் ஆல்பத்தில் இடம் வேண்டும்.

இத்தகைய கேமராவைப் புதிதாக வாங்கினால் அரை லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். 2010இல் உலகெங்கும் 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின. பிறகு கைபேசி வந்து சிறிய கேமராக்களின் சந்தையைச் சரித்துவிட்டது. நிறுவனங்கள் பல மாடல்களை நிறுத்திவிட்டன. அதனால் பழைய கேமராவை நல்ல நிலையில் வாங்குவதுதான் நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற வழி. திருச்சியில் தெரிந்த புகைப்படக்காரர் ஒருவரிடம் இருந்ததை வாங்கினோம்.

பழையதை வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றை அவரே, தன் பொருளை வைத்தே காட்டினார். அந்த நேர்மைக்கு என்றும் நன்றி. லென்ஸுக்குள் டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால், பூஞ்சை இருந்தால் சிலந்திவலைபோல் தெரியும். இருந்தால் வாங்கவே கூடாது. திறப்பைச் சிறிதாக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால், சென்சாரில் ஒட்டிய தூசி கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகிற சத்தம் சீராக இருக்க வேண்டும், இடையில் கரகரப்பு கூடாது. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இதன் பேட்டரி ஒருமுறை சார்ஜ் செய்தால் 265 படம் என்பது நிறுவனக் கணக்கு. கல்யாண நாளுக்கு அது போதாது, இன்னொரு பேட்டரி அவசியம். நீச்சலுக்கும் ஊருணிக்கும் பிள்ளைகள் கொண்டுபோகிற கேமராதான் வேண்டும் என்றால் இது சரிவராது. 15 மீட்டர் ஆழம் வரை நீரைத் தாங்கும் ஓஎம் சிஸ்டம் டிஜி-7 கேமரா போன்ற ஒன்றை வாங்கிவிட்டு, வீட்டுக்குள் வெளிச்சம் குறைவாக வருவதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வாங்கியபின் வந்த முதல் பெரிய சோதனை பிள்ளையார் நோன்பு. கார்த்திகைத் தீபத்திலிருந்து 21ஆம் நாள் வருவது. புது வேட்டியிலிருந்து எடுத்த 21 இழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்துச் சுடரேற்றி, அப்பச்சி எடுத்துக் கொடுக்க, ஒவ்வொருவராக வாங்கிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். ஒருவருக்கு அது ஒரு விநாடிகூட நீடிக்காது. குத்துவிளக்கும் ஒரு பல்பும் தவிர வேறு வெளிச்சம் இல்லை. ஃபிளாஷ் அடித்தால் சுடர் செத்துவிடும். முகத்தில் விழும் மஞ்சள் ஒளியும் போய்விடும். ஃபிளாஷை அடக்கி, திறப்பை 1.8இல் வைத்து, ஐ.எஸ்.ஓ. 1600, விநாடியில் 60இல் ஒரு பங்கு என்று வைத்தேன். திரையில் முகத்தைத் தொட்டுக் குவித்துவிட்டு, பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக எடுத்தேன். மகள் வாயைத் திறந்து, கண்ணை மூடி, சுடர் உதட்டுக்கு ஓர் அங்குலம் முன்னால் இருக்கும் படம் கிடைத்தது. அப்பச்சியின் விரல் நுனியில் மாவு ஒட்டியிருப்பது வரை தெரிகிறது. அண்ணனுக்கு அதைச் சிறிதாக்காமல் முழு அளவில் அனுப்பினேன். தன் மேசையில் அச்சிட்டு வைத்திருக்கிறார்.

ஆத்தாவுக்கு இந்த எண்கள் எதுவும் தேவையில்லை. மேலே உள்ள வளையத்தைப் பச்சை நிற ஆட்டோவில் வைத்துவிட்டேன், அவ்வளவுதான். அவர் எடுக்கும் படங்களை நான் எடுக்கவே முடியாது. இரண்டாங்கட்டில் மனகோலப் பலகாரம் பிழிகிற ஆச்சிமார்கள் என்னைக் கண்டால் முந்தானையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்காருவார்கள். ஆத்தா போனால் பேச்சை நிறுத்தாமல் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். கல்யாண மேடையைப் புகைப்படக்காரர் பார்த்துக்கொள்வார். காய் நறுக்கும் இடமும், நடுவீட்டுக் கோலம் போடும் கையும், தூணில் சாய்ந்து தூங்கும் பிள்ளையும் நம் பொறுப்பு.

வைத்துக்கொள்ளும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டுப்புடவை பீரோவில் பாச்சை உருண்டையோடும் கற்பூரத்தோடும் கேமராவை வைக்கக் கூடாது. அவற்றின் ஆவி அதற்கு ஆகாது. மூடியே கிடக்கும் அறையிலும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். எங்களுடையது காற்று புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு இருக்கிறது. வாங்கியவுடன் தேதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள். பத்தாண்டு கழித்து, எந்த முன்னோர் படைப்பு, எந்தக் கல்யாணம் என்று கண்டுபிடிக்க அதுதான் உதவும். 32 ஜிபி அட்டை ஒன்று ஏராளம். விசேஷம் முடிந்த அன்றே படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டுத்தான் அட்டையைத் துடைப்பேன். அவற்றில் தேறியவை காரைக்குடியில் அச்சாகி ஆல்பத்துக்குப் போகும். அப்பச்சி திரையில் பார்ப்பதில்லை. கையில் தாளாக இருந்தால், பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பெயர் சொல்வார். நான் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொள்வேன்.

இப்போது மகளும் நானும் சுவரில் மாட்டியிருக்கும் பழைய படங்களைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறோம். பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற காலத்து ஐயாக்கள், நாற்காலியின் கையைப் பிடித்து நிற்கும் ஆயாக்கள். சட்டத்தை இறக்கி, வெயில் படாத பத்தியில் சுவரோரம் சாய்த்து வைக்கிறோம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும், நேரெதிரில் ஜன்னலோ முற்றமோ இருக்கக் கூடாது. எதிரே கறுப்புத் துணி ஒன்றைப் பிடித்து அதன் பின்னால் நின்றால், நம் நிழலுருவம் கண்ணாடியில் விழாது. கொஞ்சம் தள்ளி நின்று ஜூமை இழுத்து எடுத்தால் சட்டத்தின் கோடுகள் வளையாமல் வரும். முக்காலியில் வைத்து இரண்டு விநாடி டைமரில் விட்டுவிடுகிறோம், ஐ.எஸ்.ஓ. குறைவாக வைத்து எடுக்க முடிவதால், ஐயாவின் கடுக்கன் கல்கூடத் தெளிவாக வருகிறது. கோட்டையூர் அயித்தை வீட்டிலும் இதே வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள். பொங்கல் விடுமுறைக்குக் கேமராவையும் கறுப்புத் துணியையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.